மூச்சுக்கு ஒரு பாட்டு

பாம்பன் ஸ்டேஷனில், பிளாட்பாரத்தின் மேற்குக் கோடியில் கிடந்த பெஞ்சில் என் அக்கா லூர்தம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். தன் புருஷனின் தலையைத் தன் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அவர் காதுக்குள் மெழுகு வைக்கிறாள். நடுக்கடலில் கல்லை மிதித்துக்கொண்டு அடித்தரை வரைக்கும் இறங்குகிற மனிதர், முடிவெட்ட உட்கார்ந்த பிள்ளை மாதிரி கழுத்தைக் கொடுத்துவிட்டு அசையாமல் இருக்கிறார்.

காலை ரயில் இன்னும் வரவில்லை. வெயிலும் முழுசாக ஏறவில்லை. அக்கா மடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. அதில் தேங்காயெண்ணெய் விட்டு இளக்கிய தேன்மெழுகு. பஞ்சைத் திரியாகத் திரித்து, மெழுகில் புரட்டி, விரல் நுனியால் உள்ளே தள்ளுகிறாள். பக்கத்தில் ரயிலுக்குக் காத்திருந்த கருவாட்டுக் கூடைகளின் வாடையோடு அந்த எண்ணெய் மணம் கலந்து வருகிறது.

"போதும் லூர்து" என்கிறார் மச்சான்.

"சும்மா இருங்க. பாலத்துக் காத்து காதுல ஏறுனா ஒரு வாரத்துக்கு இரையும். பெறகு மதுரைக்குப் போயி என்னத்தக் கேப்பிய?"

அந்த மதுரைப் பயணத்தை எப்போது நினைத்தாலும் எனக்கு முதலில் கண்ணுக்கு வருவது அந்தச் சிரட்டைதான். ஆகவே அதையே முதலில் எழுதிவிட்டேன். இனி வரிசையாகச் சொல்கிறேன்.

கயிறு பிடிக்கிறவன்

பாம்பன் பாலத்தைப் புயல் கொண்டுபோவதற்குச் சில வருஷம் முந்தி நடந்தது இது. நான் அப்போது தீவில் ஒரு தொடக்கப் பள்ளியில் வாத்தியார். கலியாணம் ஆகவில்லை. அக்கா வீட்டில்தான் சாப்பாடு.

அக்காவின் புருஷன் அந்தோணி மச்சான் சங்கு குளிப்பவர். குளிகாரர் ஒரு காலால் கல்லை மிதித்துக்கொண்டு இறங்குவார். இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். அதன் மறுமுனை வள்ளத்தில் நிற்பவன் கையில். கீழே இருப்பவர் மூச்சு முடியும் தறுவாயில் கயிற்றை ஒரு இழுப்பு இழுப்பார். மேலே இருப்பவன் அந்தக் கணமே தூக்கிவிட வேண்டும்.

எங்கள் கரையில் அந்தக் கயிற்றைப் பெண்டாட்டியோடு பிறந்தவன்தான் பிடிப்பான். சொந்த அண்ணன் தம்பி கையில்கூடக் கொடுக்கமாட்டார்கள். கூடப் பிறந்தவளின் தாலி தன் உள்ளங்கையில் இருக்கிறது என்று தெரிந்தவன் கொட்டாவி விடமாட்டான், வேடிக்கை பார்க்கமாட்டான் என்பது கணக்கு.

அந்தக் கணக்குப்படி நான்தான் வள்ளத்தில் நின்றிருக்க வேண்டும். என்னைப் படிக்க அனுப்பிவிட்டதால் பெரியப்பா மகன் மிக்கேல் அந்த இடத்துக்குப் போனான். அவனும் அக்காவுக்குத் தம்பி முறைதான். இருந்தாலும் அக்கா கோபம் வரும்போது என்னைப் பார்த்து, "நீ கரும்பலகையில எழுதுறவன், ஒனக்கு என்னலே தெரியும் கயித்தப் பத்தி" என்பாள். மச்சான் சிரிப்பார். "மாப்ளே, இவ சொல்றத விடு. நீ புடிச்சிருந்தா நான் இழுத்ததுக்கு ஏன், எதுக்குன்னு விளக்கம் கேட்டுட்டுத்தான் தூக்கிருப்பே."

மணலில் மாட்டிய தேர்

மச்சானுக்கு ஒரு பாட்டு உண்டு. வார்த்தை கிடையாது. வாயை மூடிக்கொண்டு மூக்கால் முனகுவார். வலைப்பை பின்னும்போது, வள்ளத்துக்குப் பசை பூசும்போது, திருப்பலிக்குப் போகிற வழியில், எப்போதும் அதே பாட்டுதான். சின்னப் பாட்டு. தொடங்கினால் சட்டென்று முடிந்துவிடும்.

அது வந்த கதை எனக்குத் தெரியும். அவருக்குக் கலியாணமான புதிதில், எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கு உள்நாட்டிலிருந்து ஒரு நாயன செட்டைக் கூட்டி வந்திருந்தார்கள். நாயனம் வாசித்தவருக்கு அப்போது மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. கடற்கரைத் தெருவிலிருந்து கோயில் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் தேர்ச் சக்கரம் மணலில் புதைந்துவிட்டது. வடம் பிடித்தவர்களில் மச்சானும் ஒருவர். நாயனக்காரர் அந்த இடத்தில் தொடங்கிய பாட்டு மச்சான் மனசில் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அதைப் பாட்டாக மட்டும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் என்னிடம் சொன்னார்.

"கல்லோட கெளம்புறப்ப மனசுல அந்தப் பாட்ட எடுப்பேன் மாப்ளே. அது பாட்டுக்கு ஓடும். நான் பாட்டுக்குச் சங்கு தேடுவேன். பாட்டு முடிஞ்சா கயித்த இழுப்பேன். எனக்கு மூச்சுக் கணக்கு அதுதான்."

"மூச்சு முட்டும்போது ஒடம்பே சொல்லாதா மச்சான்?"

"ஒடம்பு பொய் சொல்லும். கண்ணு முன்னாடி ஒரு சங்கு கெடந்தா, இன்னும் இருக்கு, இன்னும் இருக்குன்னு சொல்லும். பாட்டு பொய் சொல்லாது."

நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். குளிகாரர் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு உண்டு என்று பிறகு அறிந்தேன். ஒருவர் அருள்நிறைந்த மரியே செபம் சொல்வார். தேவிபட்டினம் பக்கமிருந்து வந்து சேர்ந்த ஒருவர், தன் பிள்ளைகளின் பேரை மூத்தவன் முதல் கடைக்குட்டி வரை சொல்லிவிட்டு மேலே வருவாராம். கடைக்குட்டிக்கு ஒரு தங்கை பிறந்தபோது அவர் என்ன செய்தார் என்று கேட்டு மிக்கேல் வயிறு வலிக்கச் சிரிப்பான்.

மிக்கேலுக்கு வந்த பயம்

சிரிக்கத் தெரிந்த அந்த மிக்கேல்தான் ஒரு சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான். முகம் சரியில்லை.

"செபஸ்தி, ஒரு விஷயம். அக்காட்ட சொல்லாத. மச்சான் வரவர நேரங்கழிச்சு இழுக்காக."

"எவ்வளவு நேரம்?"

"அத எப்படிலே சொல்ல? என் கைக்குத் தெரியுது. போன வருசமா இருந்தா இந்நேரத்துக்கு மேல வந்திருப்பாகளே, வந்திருப்பாகளேன்னு நெஞ்சு அடிச்சுக்குது. நேத்து மேல வாறப்ப மூக்குல ரத்தம். கண்ணு ரெண்டும் மொளகாப்பழம். என்ன மச்சான்னு கேட்டா, பாட்டு முடியலடாங்காக."

காது கெட்டுப்போனதுதான் காரணம் என்று நாங்கள் முடிவுகட்டினோம். குளிகாரருக்குக் காது போவது எங்கள் ஊரில் புதிதல்ல. மச்சானின் வலது காது இளவயதிலேயே வெடித்துப் போனது. இடது காதும் மந்தமாகிக்கொண்டு வந்தது. ராமநாதபுரத்தில் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச காலம் ஓடும், அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தார்.

மச்சானும் அதையே வேறு விதமாகச் சொன்னார். "எனக்குப் பாட்டு தேயுது மாப்ளே. முன்னெல்லாம் தண்ணிக்குள்ள தானா ஓடும். இப்ப ஒவ்வொரு அடியா தேடிப் புடிக்கேன். காது முழுசாப் போறதுக்குள்ள அந்த ஆளு வாசிக்கிறத இன்னொரு தடவ கேட்டுட்டா போதும். பெறகு அழியாது."

"கரையில வேற சோலி பாக்கக்கூடாதா?" என்று அக்கா கேட்டாள்.

"கரையில என்ன சோலி எனக்கு? கல்லு மிதிக்கிற கால வச்சு சைக்கிளா மிதிக்க?"

இரண்டு கடலுக்கு நடுவே

அந்த நாயனக்காரர் இதற்குள் பெரிய வித்வானாகி, பத்திரிகையில் படம் போடும் அளவுக்கு வந்திருந்தார். சித்திரை மாதத்தில் ஒரு நாள், டீக்கடையில் கிடந்த பத்திரிகையில் நான் அவர் பேரைப் பார்த்தேன். மதுரையில் ஒரு சபா கோடை இசை விழா நடத்துகிறது. அதில் ஒரு சாயங்காலம் அவருடைய கச்சேரி.

இனி நான் போட்ட திட்டத்தைச் சொல்ல வேண்டும். திட்டம் போடுவது எனக்குப் பிடித்த வேலை. பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போவதென்றாலும் யார் முன்னால், யார் பின்னால் என்று முந்தின நாளே எழுதிவைப்பேன்.

முதல் சிக்கல் நாள். தீவுக்குத் தெற்கே ஒரு கடல், வடக்கே ஒரு கடல். தென்கடல் தெளிந்திருக்கும் மாதங்களில் குளிகாரர்கள் அங்கே இறங்குவார்கள். கோடையில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பித் தென்கடலைக் கலக்கிவிடும். அப்போது வடகடல் தெளியும். வள்ளங்களைப் பாம்பன் கால்வாய் வழியாக வடக்கே கொண்டுபோவார்கள். இந்த மாற்றத்துக்கு நடுவில் சில நாட்கள் எந்தக் கடலும் உதவாது. குளிகாரன் கரையில் இருப்பது அப்போது மட்டும்தான். கச்சேரி அந்த நாட்களுக்குள் விழுமா என்பது காற்றின் கையில் இருந்தது. தினமும் காலையில் கரைக்குப் போய்க் காற்றைப் பார்த்தேன். எனக்குக் காற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. மச்சான் வீட்டு முற்றத்தில் நின்றபடியே, "விழும் மாப்ளே, கவலப்படாத" என்றார். சொன்னபடியே விழுந்தது. எனக்கும் பள்ளி விடுமுறை.

இரண்டாவது, உட்காரும் இடம். மச்சானுக்குக் கேட்பது இடது காது. மேடையைப் பார்த்து உட்கார்ந்தால் மேடை அவருக்கு இடப்பக்கமாக இருக்க வேண்டும். ஆகவே பந்தலின் வலது ஓரம், முன் வரிசை. இதை மணலில் படம் போட்டு அக்காவுக்கு விளக்கினேன்.

அக்கா படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஏலே செபஸ்தி, கயிறுதான் நீ புடிக்கல. இதயாச்சும் ஒழுங்காக் கூட்டிட்டுப் போயி, ஒழுங்காக் கொண்டாந்து சேத்துரு" என்றாள்.

மிக்கேல் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. மச்சானின் சட்டையைத் துவைக்கிறவள் அவள்தானே. சட்டையில் இருந்த மூக்கு ரத்தம் அவளிடம் சொல்லியிருந்தது.

பாலத்துக் காற்று

ஆக, அந்தச் சிரட்டைக்கு வந்துவிட்டோம்.

குளிகாரர்கள் கடலில் இறங்குமுன் காதுக்கு மெழுகுப் பஞ்சு வைப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். கரை ஏறியதும் சுண்டி எடுத்துவிடுவார்கள். அக்காவுக்குப் பாம்பன் பாலமும் ஒரு கடல்தான். அதன் மேல் வீசுகிற காற்று மச்சானின் மிச்சமிருக்கும் ஒரே காதைக் கெடுத்துவிட்டால் பயணமே வீண் என்று பயந்தாள். அதனால் வழக்கத்தைவிட மெழுகு கூட, வழக்கத்தைவிட ஆழமாக வைத்தாள். அவள் செய்ததில் எனக்குக் குறை ஒன்றும் தோன்றவில்லை. சொல்லப்போனால், என் திட்டத்தில் இது விட்டுப்போயிற்றே என்றுதான் நினைத்தேன்.

ரயில் பாலத்தின் மேல் ஊர்ந்தது. கீழே தண்ணீர் ஒரு பக்கம் கலங்கி, ஒரு பக்கம் பச்சையாகத் தெளிந்து கிடந்தது. மச்சான் கதவோரம் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். "இன்னும் ரெண்டு நாள்ல வடக்க போயிரலாம்" என்று சத்தம் போட்டுச் சொன்னார். பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ராமநாதபுரம் தாண்டியதும் வெயில் பெட்டிக்குள் ஏறியது. பரமக்குடியில் வெள்ளரிப் பிஞ்சு வாங்கினோம். மானாமதுரைக்கு வரும்போது மரப்பலகை சுட்டது. இரும்புக் கம்பியைத் தொட முடியவில்லை. மச்சான் காதுப் பஞ்சை எடுக்காமலே ஒரு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்கினார். அந்தச் சூட்டில் அவர் காதுக்குள் என்ன நடக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

சத்திரத்தில்

மதுரையில் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சத்திரத்தில் இடம் கிடைத்தது. மச்சான் குழாய்த் தண்ணீரைக் கையில் பிடித்துக் குடித்துவிட்டு, "மாப்ளே, இங்கன தண்ணி ருசியே இல்லயே, உப்பு போட மறந்துட்டானுகளா?" என்று கத்தினார். சத்திரத்துக் காவல்காரர் எட்டிப் பார்த்தார். அதே நேரத்தில் நான் அக்கா கட்டிக் கொடுத்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். புளிச்சோறும் மாசிக் கருவாட்டுச் சம்பலும்.

காவல்காரர் மூக்கைச் சுளித்தார். "என்னய்யா வாசம் இது? இது சைவச் சத்திரம்."

"என்ன கேக்காரு?" என்றார் மச்சான்.

"என்ன வாசம்னு கேக்காரு!"

"வாசமா? நல்லாத்தான் இருக்கு. அவருக்கும் ஒரு உருண்டை குடு."

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய் ரயில்வே வேலி ஓரத்தில் சாப்பிட்டோம். நான் பேசியதை மச்சான் என் வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார் என்று அங்கேதான் கவனித்தேன். பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பவில்லை.

பஞ்சை எடுத்தோம். பஞ்சு வந்தது. மெழுகு வரவில்லை. ரயில் சூட்டில் உருகி உள்ளே இறங்கி, மறுபடி உறைந்து, அடைத்துக்கொண்டுவிட்டது. மூக்கைப் பிடித்து ஊதினார். குளிகாரர்கள் காதைத் திறக்கச் செய்கிற வித்தை அது. திறக்கவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். எண்ணெய் விட்டேன். அது இன்னும் மோசம். கம்பியோ குச்சியோ விட எனக்குத் தைரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை. நான் போய்த் தட்டிய டாக்டர் வீடுகள் பூட்டியிருந்தன. கச்சேரியோ அன்று சாயங்காலம்.

எனக்கு அழுகையே வந்தது. காற்றைப் பார்த்தேன், இடத்தைப் பார்த்தேன், காதை விட்டுவிட்டேன்.

மச்சான் என் தோளில் கை வைத்தார். "ஏன்லே மூஞ்சியத் தொங்கப் போடுதே? போவோம் வா. கேக்கலேன்னா பாப்போம். ஆளையாச்சும் பாப்போமே."

பந்தல்

நான் போட்ட படத்தின்படியே வலது ஓரத்தில் முன் வரிசையில் இடம் கிடைத்தது. அந்த ஒன்று மட்டும் திட்டப்படி நடந்தது. மல்லிகைப் பூ, விசிறி, சந்தனம் என்று பந்தல் மணத்தது. வெயில் இறங்கவில்லை. கீற்றின் இடுக்கு வழியாகத் தரையெல்லாம் வெளிச்சப் பொட்டு.

எங்களுக்குப் பக்கத்திலேயே பந்தலின் சவுக்குக் கம்பம். அதில் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். கம்பத்தின் தலையிலிருந்து ஒரு கயிறு விறைப்பாக இறங்கி மச்சானின் நாற்காலிக்குப் பக்கத்தில் முளையில் கட்டப்பட்டிருந்தது.

வித்வான் வந்தார். மீசை இப்போது நன்றாக வளர்ந்திருந்தது. வாசித்தார். அற்புதமாக வாசித்தார் என்று எல்லாரும் சொன்னார்கள். என் மனம் அதில் நிற்கவில்லை. நான் மச்சானையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வித்வானின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மட்டும் பழக்கதோஷத்தில் அந்தக் கயிற்றின் மேல் போய் உட்கார்ந்திருந்தது.

தனி ஆவர்த்தனம் வந்தது. தவுல்காரர் வெளுத்து வாங்கினார். மச்சான் திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மாப்ளே! தவுல் வருது!"

"கேக்குதா?"

"கேக்கல. வருது. கையில வருது." என் கையை இழுத்துக் கயிற்றில் வைத்தார். ஒலிபெருக்கியின் அதிர்வு கம்பத்தில் இறங்கி, கயிற்றில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது லேசான நடுக்கம். அவருக்கு, வாழ்நாளெல்லாம் கயிற்றில் பேசியவருக்கு, அது முழுப் பேச்சு. "அந்தப் பாட்டக் கேளு மாப்ளே. எடுத்ததும் கயித்த ஒரு இழுப்பு இழு. முடிச்சதும் ஒரு இழுப்பு. மத்தத நான் பாத்துக்கிறேன்."

துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பி விரும்பிய பாட்டைக் கேட்பது அந்தக் காலக் கச்சேரி வழக்கம். ஆனால் எதை எழுத? ராகம் தெரியாது, பாட்டுக்குப் பேர் தெரியாது. 'பாம்பன் பக்கத்து மாதா கோயிலில், தேர் மணலில் மாட்டியபோது வாசித்தது' என்று எழுதிக் கொடுத்தேன்.

சட்டையில் சபா பேட்ஜ் குத்தியிருந்த தொண்டர் அதைப் படித்துவிட்டு, "என்ன சார் இது? பாட்டு பேரு எங்க?" என்றார்.

"பேரு தெரியாதுங்க. இடம்தான் தெரியும்."

அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக எடுத்துப் போனார்.

வித்வான் சீட்டைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். தவுல்காரர் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். அவர் உதட்டைப் பிதுக்கினார். போயிற்று என்று நினைத்தேன். வித்வான் சீவாளியை வாயில் வைத்து மிக மெல்ல ஒரு அடி ஊதினார். அதுவேதான். மச்சானின் மூக்கு முனகல், பொன்னாக மாறி வெளியே வந்தது. நான் என்னை அறியாமல் எழுந்து நின்று தலையை ஆட்டினேன்.

அவர் சிரித்துவிட்டு மைக்கில் சொன்னார். "பாம்பன்ல இருந்து வந்திருக்காங்க. அன்னைக்குத் தேர் நகரவே இல்ல. இழுக்கிறவங்களுக்கு வேகம் வரணும்னு இதை விறுவிறுன்னு எடுத்தோம். தேர் கெளம்புற வரைக்கும் திரும்பத் திரும்ப இதுதான். எனக்கு உதடு வீங்கிப்போச்சு."

பந்தலே சிரித்தது. அவர் எடுத்தார். நான் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தேன்.

இன்னும் கிடக்கே

மச்சானின் நெஞ்சு ஒரு தரம் மேலே எழுந்து நின்றது. உதடு ஒட்டிக்கொண்டது. கண் மூடிக்கொண்டது. அவர் மூச்சைப் பிடித்திருக்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. மதுரை நடுவில், நாற்காலியில் உட்கார்ந்தபடி, மனிதர் இறங்கிவிட்டார்.

பாட்டு துள்ளிக்கொண்டு போனது. நான் வருஷக்கணக்காகக் கேட்ட அதே பாட்டு, ஆனால் கால் முளைத்த மாதிரி. முடிந்தது. கைதட்டல். நான் கயிற்றை இழுத்தேன்.

மச்சான் கண்ணைத் திறக்கவில்லை.

மறுபடி இழுத்தேன். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முகம் கறுத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் மிக்கேல் சொன்னது என் கைக்குத் தெரிந்தது. கயிற்றைப் பிடித்து உலுக்கினேன்.

"யாருங்க அது பந்தலப் பிரிக்கிறது?" என்று பின்னாலிருந்து தொண்டர் ஓடிவந்தார்.

மச்சான் கண்ணைத் திறந்து மூச்சை விட்டார். "முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு மச்சான்."

"பாதியில விட்டுட்டாரா?"

"இல்ல. முழுசா வாசிச்சாரு."

"எனக்கு இன்னும் கெடக்கே மாப்ளே" என்றார்.

அவர் முகத்தை நான் அப்படி ஒருபோதும் பார்த்ததில்லை. கல்லை மிதித்து இறங்கியவருக்குத் தரை தட்டாமல் போன மாதிரி இருந்தது. காது போனதால் பாட்டு தேய்கிறது என்று அவர் நினைத்திருந்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். நடந்தது வேறு. ஒவ்வொரு அடியாகத் தேடித் தேடிப் பிடித்ததில், வருஷம் ஏற ஏற, பாட்டு அவருக்குள் நீண்டுகொண்டே வந்திருக்கிறது. பொய் சொல்லாது என்று அவர் நம்பிய ஒன்றை நம்பி, முடிகிற வரைக்கும் கீழே கிடந்திருக்கிறார்.

மேடையில் வித்வான் உற்சாகமாகிவிட்டார். "அன்னைக்கு எத்தனையோ தடவை வாசிச்சோம், இன்னைக்கு ரெண்டாந் தடவையாவது வாசிச்சாத்தான் தேர் நகரும்" என்று மறுபடி எடுத்தார். நான் இழுத்தேன். இந்த முறை மச்சான் மூச்சைப் பிடிக்கவில்லை. கயிற்றை உள்ளங்கையில் வைத்து, மற்றக் கையால் தொடையில் தட்டிக்கொண்டே போனார். முதலில் பின்தங்கினார். பிறகு எட்டிப் பிடித்தார். பாட்டு முடிந்தபோது நான் இழுக்குமுன் அவர் கை நின்றது.

கயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னார். "தேரு எப்பவோ நவுந்து போயிருச்சு மாப்ளே. நான்தான் அந்த மணல்லயே நின்னுருக்கேன்."

பாம்பனில்

மறுநாள் காலை ஒரு டாக்டர் வெந்நீரைப் பீய்ச்சி மெழுகை எடுத்தார். இடது காதில் மிச்சமிருந்த கேட்கும் சக்தி திரும்ப வந்தது. வித்வான் அதற்குள் ஊர் போய்விட்டார். திரும்பும் ரயிலில் மச்சான் பாட்டை முனகினார், நான் அவர் முழங்காலில் தட்டினேன். அவர் பின்தங்கினால் தட்டி விரட்டினேன். மானாமதுரையில் ஏறிய ஒரு பானை வியாபாரி எங்களைப் பார்த்துவிட்டு வேறு பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தார்.

பாம்பன் பிளாட்பாரத்தில் அக்கா நின்றிருந்தாள். ரயில் நிற்கவில்லை, அதற்குள் கேட்டாள்.

"கேட்டியளா?"

"கேட்டேன்" என்றார் மச்சான். "நல்லாக் கேட்டேன்."

"பாத்தியளா? நான் அன்னைக்கு அடச்சுவிட்டதுனாலதான். போதும், போதும்னிய."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் தண்டவாளத்தைப் பார்த்தேன். வாராவாரம் பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரை அக்கா இப்போது பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்கிறாள். இந்த வாரம் மெழுகு வருகிற இடங்களைத் தாண்டிப் படிக்கும்படி அந்தப் பெண்ணிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

வள்ளங்கள் வடகடலுக்குப் போயின. விடுமுறை முடிவதற்குள் ஒரு நாள் நானும் கூடப் போனேன். அக்காதான் போகச் சொன்னாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. மச்சான் சிலுவை போட்டுக்கொண்டு கல்லில் கால் வைத்தார். மிக்கேல் கயிற்றை எடுத்து என் கையில் கொடுத்தான்.

"புடிச்சுப் பாருலே. நான் பக்கத்துலதான் நிக்கேன்."

கல் விழுந்தது. கயிறு என் விரல்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு ஓடி, நின்றது. தண்ணீர் மூடிக்கொண்டது. நான் மனசுக்குள் பாட்டை எடுத்தேன். மதுரையில் கேட்ட நடையிலேயே, முந்தாமல், பிந்தாமல் போனேன். கடைசி அடிக்கு வந்தேன். அதை முடித்தேன்.

உள்ளங்கையில் ஒரு இழுப்பு.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அவரும் நானும் ஒரே இடத்தில் முடித்திருந்தோம்.

"என்னலே பராக்குப் பாக்க?" என்று மிக்கேல் என் காதுக்குள் கத்தினான். "இழு!"

இழுத்தேன்.